‘புற்றுநோய்க்கு ஊசி வந்துவிட்டதாமே?’ – கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்

2024 டிசம்பரில் ரஷ்யத் தரப்பிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. எம்ஆர்என்ஏ முறையில் (ஃபைசர் கொவிட் ஊசி செய்த அதே முறை) புற்றுநோய்த் தடுப்பூசி உருவாக்கிவிட்டோம், 2025இல் நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கப்போகிறோம் என்றார்கள். அன்றிலிருந்து அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஓய்ந்துவிட்டது என்று நினைத்தால் புதுப் படம், புதுத் தலைப்போடு மறுபடி வந்து நிற்கும். சிங்கப்பூரில் நம் குடும்பக் குழுக்களில் அதற்குக் கீழே வரும் கேள்விகளும் பெரும்பாலும் மூன்றுதான்: இங்கே எப்போது வரும், பிள்ளைகளுக்குப் போடலாமா, கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் சித்தப்பாவுக்கு உதவுமா?

இந்த மூன்றுக்கும் ஒரே பதிலைத் தேடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ‘புற்றுநோய்த் தடுப்பூசி’ என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். மற்றது இன்னும் சோதனையில் இருக்கிறது. இரண்டையும் கொண்டுவந்ததில் ஒரு குறிப்பிட்ட வகை ஆட்களுக்குப் பெரும்பங்கு உண்டு: காலையில் நோயாளியைப் பார்த்துவிட்டு மதியம் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர்கள். அவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், எந்தச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பதும் ஓரளவு பிடிபடும்.

ஒரே பெயர், இரண்டு பொருள்

1. வருமுன் காக்கும் தடுப்பூசி. சில புற்றுநோய்களுக்குப் பின்னால் கிருமி இருக்கிறது. கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டால் அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் பெருமளவு குறையும். நலமாக இருப்பவருக்குப் போடுவது இது.

2. சிகிச்சைத் தடுப்பூசி. புற்றுநோய் ஏற்கெனவே வந்தவருக்குப் போடுவது. ‘இதோ இவன்தான் ஆள், பிடி’ என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் புற்றுநோய் அணுவை (செல்லை) அடையாளம் காட்டுவது இதன் வேலை. எதையும் தடுப்பதில்லை என்பதால் ‘தடுப்பூசி’ என்ற சொல்லே இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, என்ன செய்வது.

ரஷ்ய அறிவிப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் போடலாமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

முதல் வகை: நாற்பது ஆண்டாக நம் பக்கத்திலேயே இருப்பது

கல்லீரல் புற்றுநோய்க்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கும் தொடர்பு இருக்கும் என்று நெடுநாளாகச் சந்தேகம் இருந்தது. அமெரிக்க மருத்துவர் பாமர் பீஸ்லி தைவானுக்குப் போய் 22,707 அரசாங்க ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தார், எல்லாரும் ஆண்கள். யார் ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முதலில் குறித்துக்கொண்டு, பிறகு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். 1981இல் முடிவை வெளியிட்டபோது 41 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தது. அதில் 40 பேர் கிருமி இருந்தவர்கள். கிருமி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து 223 மடங்கு. மருத்துவ ஆய்வில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம்.

தடுப்பூசியும் அதற்குள் கைக்கு வந்துவிட்டது. கிருமியின் மேலுறையை முதலில் அடையாளம் கண்ட பரூக் பிளம்பெர்க் ஒரு மருத்துவர்தான், 1976இல் நோபெல் பரிசு வாங்கினார். தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் 1981–86இல் ஒரு லட்சம் பேருக்கு 0.70 என்று இருந்தது, 1990–94இல் 0.36 ஆனது. ஏறக்குறையப் பாதி. ஓர் ஊசி மனிதர்களிடம் புற்றுநோயைக் குறைத்ததற்குக் கிடைத்த முதல் தெளிவான ஆதாரம் இது.

சிங்கப்பூர் இதில் பின்தங்கவில்லை. ஊன் சொங் ஜின் போன்ற புற்றுநோய் மருத்துவர்கள் இங்கேயே இந்தத் தடுப்பூசியை ஆராய்ந்தார்கள். 1985 அக்டோபரில் கிருமி உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1987 செப்டம்பரிலிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசியும் இதே வகைதான். எச்பிவி கிருமிக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சொன்ன ஹரால்ட் ஸூர் ஹவுசன் (அவரும் மருத்துவர்) 2008இல் நோபெல் பெற்றார். உலகில் முதல் எச்பிவி தடுப்பூசி 2006இல் அங்கீகாரம் பெற்றது. இங்கே 2019 முதல் உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள்.

ஆக, ‘இங்கே எப்போது வரும்’ என்ற கேள்விக்கு ஒரு பாதிப் பதில்: நாற்பது ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. யாரும் அதை ‘புற்றுநோய்க்கு ஊசி’ என்று அழைக்கவில்லை, அதனால் வாட்ஸ்அப்பிலும் சுற்றவில்லை.

மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருப்பது என்றால்?

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் இவர்களை ‘கிளினிஷியன் சயின்டிஸ்ட்’ என்பார்கள். முழுநேர ஆய்வாளருக்கு நோயாளியின் முகம் தெரியாது, முழுநேர மருத்துவருக்கு ஆய்வுக்கூடத்தில் உட்கார நேரம் கிடைக்காது. இவர்கள் இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்கள். ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்கவில்லை என்றால், ஏன் என்ற கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போவார்கள்.

இதற்கு ஆகும் காலத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கக் கல்லூரி முடிக்கும்போது 18 வயது. ஆண் என்றால் தேசிய சேவை இரண்டு ஆண்டு. மருத்துவப் படிப்பு ஐந்து, பயிற்சி மருத்துவராக ஒன்று. புற்றுநோய் சிறப்பு மருத்துவராகச் சுமார் ஆறு. அதற்கு மேல் முனைவர் பட்டத்துக்கு நான்கு. எல்லாம் தடங்கலில்லாமல் போனாலே வயது 36, சொந்தமாக ஓர் ஆய்வு அப்போதுதான் தொடங்கும். கூடப் படித்தவர் அதற்குள் தனியார் மருந்தகம் திறந்து கொண்டோமினியத்துக்குக் குடிபோயிருப்பார். இந்தப் பாதைக்கு ஆள் சேர்ப்பது எளிதில்லை. 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி, பாடத்திட்டத்திலேயே மூன்றாம் ஆண்டை ஆய்வுக்கு ஒதுக்கியது இதையெல்லாம் யோசித்துத்தான்.

மைன்ஸ் நகரத்துத் தம்பதி

இந்த வேலை எப்படிப் போகும் என்பதற்கு உகுர் ஷாஹின், ஓஸ்லெம் துரெஜி இருவரின் பயணம் நல்ல உதாரணம். பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் சமூக மன்றத்தில் வரிசையில் நின்று ஃபைசர் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இவர்கள் கண்டுபிடித்ததைத்தான் போட்டுக்கொண்டார்கள். ஃபைசர் கூட்டாளி, ஊசியை உருவாக்கியது இவர்களின் பயோஎன்டெக்.

ஷாஹின் துருக்கியில் பிறந்தவர். அப்பாவுக்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் வேலை. துரெஜியின் அப்பா துருக்கியிலிருந்து ஜெர்மனிக்குப் போன அறுவை மருத்துவர். இருவரும் ஹோம்பர்க் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் புற்றுநோய் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தபோது சந்தித்தார்கள். கீமோவும் கேட்காமல் போனபின் நோயாளியிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை என்ற நிலையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆய்வுப் பக்கம் திரும்பியதாக இருவரும் சொல்லியிருக்கிறார்கள். 2002இல் திருமணம் முடிந்த அன்றே ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனது பலரும் எழுதிவிட்ட கதை.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அவர்களுடைய முதல் நிறுவனமான கனிமெட்டின் கதை. தொடங்கியது 2001இல். இரைப்பை அணுக்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் கிளாடின் 18.2 என்ற புரதம், அணு புற்றாக மாறியதும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதைக் குறிவைத்து ஒரு மருந்து செய்தார்கள். 2016இல் நிறுவனத்தை ஜப்பானின் அஸ்டெல்லாஸ் வாங்கியது. அந்த மருந்து, ஸோல்பெடக்சிமாப், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது 2024இல். நிறுவனம் பிறந்து 23 ஆண்டு கழித்து! இத்தனைக்கும் இது வெற்றி பெற்ற மருந்து. பாதி வழியில் நின்றுபோனவைதான் அதிகம்.

பயோஎன்டெக்கை 2008இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் தொடங்கினார்கள். நோக்கம் புற்றுநோய், கருவி எம்ஆர்என்ஏ. நம் அணுக்கள் புரதம் செய்வதற்குப் படிக்கும் செய்முறைக் குறிப்புதான் எம்ஆர்என்ஏ. எந்தப் புரதம் வேண்டுமோ அதற்கான குறிப்பை எழுதி உள்ளே அனுப்பினால் உடம்பே அதைச் செய்துகொள்ளும். சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவைக் கண்டதும் உடம்பு கிருமி என்று நினைத்துக் கொதித்தெழும். அதன் எழுத்துகளில் ஒன்றைச் சற்று மாற்றினால் இந்தக் கொதிப்பு அடங்கும் என்று 2005இல் காட்டியவர்கள் கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும். வைஸ்மன் மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றவர். இருவரும் பழகத் தொடங்கியது பல்கலைக்கழகத்தில் நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில். 2023இல் நோபெல்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. கொவிட் ஊசியில் பயோஎன்டெக் அந்த மாற்றிய எழுத்தைப் பயன்படுத்தியது, கொதிப்பு வேண்டாம் என்பதற்காக. அவர்களுடைய புற்றுநோய் ஊசியில் மாற்றாத எழுத்தையே வைத்திருக்கிறார்கள். அங்கே கொதிப்பு கொஞ்சம் வேண்டும், தூங்கிக்கிடக்கும் எதிர்ப்பு அணுக்களை உலுக்கி எழுப்ப.

கொவிட்டுக்குப் பதினோரு மாதம் போதும், புற்றுநோய்க்கு ஏன் போதவில்லை?

2020 ஜனவரி கடைசியில் ஷாஹின் கொவிட் பற்றிய மருத்துவக் கட்டுரையைப் படித்துவிட்டு வேலையைத் திருப்பிவிட்டார். டிசம்பர் 2ஆம் தேதி பிரிட்டன் அங்கீகரித்தது. சிங்கப்பூரில் டிசம்பர் 30ஆம் தேதி முதல் ஊசி போடப்பட்டது. அதே ஆட்கள், அதே முறை. புற்றுநோய்க்கு மட்டும் ஏன் இத்தனை இழுபறி?

1. எதிரி யார் என்ற கேள்வி. கொவிட் கிருமி அந்நியன். அதன் மேலிருக்கும் கூர்ப்புரதம் நம் உடம்பில் எங்கும் கிடையாது, குறிவைப்பது சுலபம். புற்றுநோய் அணு நம் சொந்த அணு, வழிதவறிய வீட்டுப்பிள்ளை. நல்ல அணுவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது. தப்பாகக் குறிவைத்தால் அடி நமக்கே.

2. எல்லாருக்கும் ஒரே ஊசி இல்லை. கொவிட் கிருமி பிஷானிலும் பெர்லினிலும் ஒன்றுதான். ஒரே வார்டில் இருக்கும் இரண்டு கணையப் புற்றுநோய் நோயாளிகளின் மரபணு மாற்றங்களோ பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

3. விடை தெரிவதற்கு ஆகும் காலம். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கொவிட் ஊசிச் சோதனையில் 43,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஊரெல்லாம் கிருமி பரவிக்கொண்டிருந்ததால் சில மாதத்திலேயே 170 பேருக்குத் தொற்று வந்துவிட்டது: மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 162, உண்மை ஊசி போட்டவர்களில் 8. விடை கையில். புற்றுநோயில் ‘திரும்பி வருகிறதா’ என்று பார்க்க வேண்டும், அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது, எவ்வளவு பணம் கொட்டினாலும்.

4. கொவிட் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்கள். புற்றுநோய் நோயாளியின் எதிர்ப்புச் சக்தியோ கீமோவிலும் நோயிலும் அடிபட்டுக் கிடக்கிறது.

ஒரே ஒருவருக்காக ஒரு மருந்து

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் அறுவை மருத்துவரும் ஆய்வாளருமான வினோத் பாலச்சந்திரன் நடத்திய சோதனையைக் கிட்டத்தில் பார்க்கலாம். எடுத்துக்கொண்டது கணையப் புற்றுநோய், புற்றுநோய்களிலேயே பிடிவாதமானது.

அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த கட்டியை மைன்ஸ் நகரிலுள்ள பயோஎன்டெக்குக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தக் கட்டியின் மரபணுவை முழுக்கப் படித்து, அதில் மட்டும் இருக்கிற, நல்ல அணுக்களில் இல்லாத மாறிய புரதத் துண்டுகளைத் தேடினார்கள். அதிகபட்சம் 20 துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் குறிப்பை எம்ஆர்என்ஏவாக எழுதி, கொழுப்பில் பொதிந்து திருப்பி அனுப்பினார்கள். அறுவை சிகிச்சையிலிருந்து ஊசி உடம்பில் ஏறும்வரை ஏறக்குறைய ஒன்பது வாரம். நரம்பு வழியாக ஏற்றுவது. அந்த மருந்து உலகத்தில் வேறு யாருக்கும் உதவாது.

ஊசி பெற்றவர்கள் 16 பேர். அதில் 8 பேருக்கு எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொண்டன, 8 பேருக்கு இல்லை. 2023இலும் பிறகு 2025 பிப்ரவரியிலும் முடிவுகள் வெளியாயின. மூன்று ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்ததில், விழித்துக்கொண்ட 8 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மற்ற 8 பேரில் 7 பேருக்குத் திரும்பியிருந்தது.

பார்த்ததும் உற்சாகம் வரும், வரவேண்டியதுதான். ஆனால் ஊசியே போடாத ஒரு குழு இந்தச் சோதனையில் இல்லை. அந்த 8 பேரில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பாதது ஊசியாலா, அல்லது இயல்பிலேயே வலுவான எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் என்பதால் ஊசிக்கும் விழித்து நோயையும் தாங்கினார்களா? 16 பேரை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அதனால்தான் பெரிய குழுவோடு அடுத்த கட்டச் சோதனையை 2023இல் தொடங்கினார்கள்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் மொடர்னாவும் மெர்க்கும் செய்த சோதனை ஒரு படி மேல், ஒப்பிட ஆள் இருந்தார்கள். மொத்தம் 157 பேர். வழக்கமான மருந்தோடு ஊசியும் பெற்ற 107 பேரில் 24 பேருக்கு நோய் திரும்பியது அல்லது இறந்தார்கள். மருந்து மட்டும் பெற்ற 50 பேரில் 20 பேர். ‘44 விழுக்காடு குறைந்த ஆபத்து’ என்று தலைப்புச் செய்தியானது இதுதான். நூறு பேரில் 44 பேர் குணமானார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு குழுவில் நூற்றுக்கு 40 பேருக்கு நேர்ந்தது, மற்றொரு குழுவில் சுமார் 22 பேருக்கு நேர்ந்தது, அவ்வளவே.

நம் ஊரிலேயே நடந்த பாடம்

சின்னச் சோதனையைப் பார்த்து ஆடிவிடக்கூடாது என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் ஒருவகைப் புற்றுநோய் சீனர்களிடையே, குறிப்பாகத் தென்சீன வம்சாவளியினரிடையே அதிகம். அதற்குப் பின்னாலும் ஒரு கிருமி உண்டு, எப்ஸ்டீன்-பார். சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர் டோ ஹான் சோங் குழுவினர், நோயாளியின் ரத்தத்திலிருந்தே எதிர்ப்பு அணுக்களை எடுத்து, அந்தக் கிருமியை அடையாளம் காணப் பழக்கி, மறுபடி உடம்பில் ஏற்றும் சிகிச்சையைச் சோதித்தார்கள். கறாராகச் சொன்னால் இது தடுப்பூசி இல்லை, ஆனால் அடிப்படை எண்ணம் அதேதான்.

2014இல் வெளியான இரண்டாம் கட்ட முடிவில், கீமோவோடு இந்தச் சிகிச்சை பெற்ற 35 பேரில் இரண்டு ஆண்டு கழித்து ஏறக்குறைய 63 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். அந்த நோயின் அந்த நிலைக்கு இது பெரிய விஷயம். சரி என்று 330 பேரோடு பல நாடுகளில் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. கீமோ மட்டும் ஒரு குழுவுக்கு, கீமோவும் இந்த எதிர்ப்பு அணுச் சிகிச்சையும் மற்றக் குழுவுக்கு. 2022இல் முடிவு வந்தது: ஆயுள் கூடியதாகக் காட்ட முடியவில்லை. சிகிச்சையைத் தயாரித்த சிங்கப்பூர் நிறுவனமும் 2023இல் மூடப்பட்டது.

அதில் ஈடுபட்ட மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். இந்த வேலையில் நேர்மை என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், பத்து ஆண்டுக்கு மேல் உழைத்துவிட்டு ‘பலிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால்

எத்தனை பேரிடம் சோதித்தார்கள், ஒப்பிட வேறு குழு இருந்ததா, மருத்துவ இதழில் வெளியானதா. இந்த மூன்றையும் தேடுங்கள். 2024 டிசம்பர் அறிவிப்பு வந்தபோது இந்த மூன்றுக்குமான விவரம் அதில் இல்லை. ‘நூறு விழுக்காடு பலன்’ என்று எங்காவது கண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். சிகிச்சைத் தடுப்பூசி இப்போது பெரும்பாலும் மருத்துவச் சோதனைகளில் சேர்பவருக்குத்தான் கிடைக்கும். எந்தப் புற்றுநோய், எந்த நிலை, இதுவரை என்ன சிகிச்சை என்று பல நிபந்தனைகள் இருக்கும். ‘எனக்குப் பொருந்தும் சோதனை ஏதாவது நடக்கிறதா’ என்று அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டுக் கீமோவைத் தொடர வேண்டும். ஊசி வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் இந்தச் செய்திகளால் வரும் உண்மையான ஆபத்து.

முதல் வகை ஊசியைப் பொறுத்தவரை நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் 1987க்குப் பின் பிறந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி அநேகமாகப் போட்டிருப்பார்கள். இந்தியாவில் அது நாடு முழுக்கக் குழந்தைகள் திட்டத்தில் சேர்ந்தது 2011இல்தான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ திருமணமாகியோ இங்கு வந்த முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் பலருக்குப் போட்டிருக்க வாய்ப்பு குறைவு. சிங்கப்பூரின் பெரியவர்களுக்கான தடுப்பூசிப் பட்டியலில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு இந்த ஊசியும், 18 முதல் 26 வயதுப் பெண்களுக்கு எச்பிவி ஊசியும் இருக்கின்றன. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, கிருமி இருக்கிறதா, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் ஆறு மாதத்தில் மூன்று ஊசி. கிருமி ஏற்கெனவே இருந்தால் ஊசியால் பயனில்லை, அவர்கள் கல்லீரலை முறையாகக் கண்காணிக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டும்.